ஒற்றை எண்ணும் இரட்டை எண்ணும்: கோலாலம்பூரில் ஓர் அரிசி ஆய்வு



பேச்சுப் போட்டிக்காக என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் உரை எழுதிக்கொண்டு வந்தான். தலைப்பு, ‘தமிழரின் உணவு அறிவு’. இரண்டாம் பத்தியிலேயே ஒரு வரி என்னை நிறுத்தியது. உயிர்ச்சத்து பி1-ஐ உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர்கள் நம் முன்னோரே. அதனாலேயே அவர்கள் நெல்லைப் புழுக்கினர் என்று எழுதியிருந்தான். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். அம்மாவின் புலனக் குழுவில் வந்ததாம்.

“பொய்யா, ஐயா?” என்று அவனே கேட்டான்.

பொய் என்று ஒரு சொல்லில் முடித்துவிட என்னால் இயலவில்லை. அந்த வரி பிழையானதுதான். ஆனால், அதற்குள் ஓர் உண்மை புதைந்து கிடக்கிறது. அது நிகழ்ந்த இடம் தஞ்சாவூரோ மதுரையோ அன்று; நாம் நாளும் நடமாடும் இதே கோலாலம்பூர். அவனுக்கு ஓய்வு நேரத்தில் சொன்னதையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவை அச்சுறுத்திய நோய்களுள் ஒன்று பெரிபெரி. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு நடை தள்ளாடும். சிலருக்குத் தசை சூம்பி, எழுந்து நிற்கவும் முடியாமற் போகும். வேறு சிலருக்குக் காலிலிருந்து வீக்கம் மேலேறி, இதயம் விரிந்து, மூச்சு முட்டி ஓரிரு நாளில் உயிர் பிரியும். சிலாங்கூரிலும் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் இருந்த ஈயச் சுரங்கங்களில் (நம் தாத்தாமார் வாயில் இவை ‘ஈயலம்பங்கள்’) உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இந்நோய்க்கு இரையாயினர். சிறைச்சாலைகளிலும் மனநோய் விடுதிகளிலும் இது கூட்டங்கூட்டமாக வந்தது. ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களை ஒருசேரத் தாக்கியதால், இது தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். கிருமிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. எந்த நோயைக் கண்டாலும் கிருமியைத் தேடுவது மருத்துவர்களின் இயல்பாகிவிட்டிருந்தது.

1900-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஒரு மருத்துவ ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. பகாங் சாலையில் பழைய கட்டடத்தோடு நாம் அறிந்திருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதன் வழிவந்ததே. அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட் பெரிபெரியை ஆராய்ந்தார். கோலாலம்பூர்ச் சிறைக் கைதிகளையும் கவனித்தார். குடலுக்குள் புகும் ஏதோ ஒரு நுண்ணுயிர் நஞ்சைச் சுரக்கிறது, அந்நஞ்சு நரம்பைக் கெடுக்கிறது என்பது அவர் முடிவு. நன்கு கற்ற மனிதர், உழைத்து ஆராய்ந்தவர். முடிவு மட்டும் தவறாகப் போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் நம் சோற்றுப்பானை கதைக்குள் நுழைகிறது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்தவர் வில்லியம் லியோனார்ட் பிராடன். அவர் நுண்ணோக்கியைவிடத் தம் கண்ணையே மிகுதியாக நம்பியவர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே மாநிலம், ஒரே வெயில், ஒரே மழை. சீனச் சுரங்கத் தொழிலாளர் பெரிபெரியால் மடிகின்றனர். கம்பத்து மலாய்க்காரரிடையே அந்நோய் அரிது. தோட்டத்துத் தமிழரிடமும் அரிது. மூவரும் உண்பது சோறுதானே என்று மற்றவர்கள் கருத, பிராடன் அது என்ன அரிசி என்று கேட்டார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டப்பட்ட பச்சரிசி. மலாய்க்காரர் தம் வயல் நெல்லை அவ்வப்போது வீட்டிலேயே குத்தி உண்டனர். அதில் தவிடு ஓரளவு ஒட்டியிருந்தது. தமிழர் உண்டது கடல் கடந்து மூட்டையில் வந்த புழுங்கல் அரிசி.

எங்கள் குடும்பத்தின் நினைவு ஒன்றை இங்குச் சொல்ல வேண்டும். என் பாட்டி கிள்ளானை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். லயத்து வீட்டில் அரிசி மூட்டைக்கென்று ஒரு மூலை உண்டு. சயாம் அரிசிச் சோறு ‘வயிற்றில் நிற்காது’ என்பது அவர் கருத்து. புழுங்கல் அரிசிச் சோற்றை இரவு நீரூற்றி வைத்தால், விடியற்காலைப் பெரட்டுக்கு ஓடும் முன் அதுவே பழஞ்சோறு. பச்சரிசி பொங்கலுக்கும் பலகாரத்துக்கும் மட்டுமே. உயிர்ச்சத்து என்ற சொல்லை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. பழகிய நாக்கு, பழகிய வயிறு, அவ்வளவே.

பிராடன் கண்டதும் இந்தப் பழக்கத்தைத்தான். காரணத்தைச் சொல்லும்போது அவரும் சறுக்கினார். பச்சரிசி கிடங்கில் பழையதாகும்போது அதில் பூஞ்சை போன்ற ஏதோ ஒன்று நஞ்சை உண்டாக்குகிறது, புழுக்கிய அரிசியில் அது வளர்வதில்லை என்று அவர் எண்ணினார். தம் கருத்துகளைத் தொகுத்து 1907-இல் பெரிய நூலாகவே வெளியிட்டார். அரிசிதான் காரணம் என்பது சரி; நஞ்சு என்பது பிழை.

அவருடைய கருத்தை ஏற்காத மருத்துவர்கள் பலர். அவர்களுள் ஒருவர் கோலாலம்பூரில் பணியாற்றிய வில்லியம் பிளெட்சர். 1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பெரிபெரி கடுமையாகப் பரவியது. அரிசிக் கோட்பாடு மெய்யா பொய்யா என்று பார்த்துவிட பிளெட்சர் முனைந்தார். அவர் செய்ததை ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் எளிதாக விளக்கலாம். நம் அறிவியல் பாடத்தில் மாறிகள் என்று கற்பிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

1905 டிசம்பர் 5-ஆம் நாள், விடுதியில் இருந்த நோயாளிகள் அனைவரும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பட்டனர். இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணப்பட்டனர். ஒற்றை எண் பெற்றோர் முற்றத்தின் கிழக்கே இருந்த கூடத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வழக்கமான சயாம் பச்சரிசிச் சோறே தொடர்ந்தது. இரட்டை எண்காரர்கள் மேற்குக் கூடத்துக்குச் சென்றனர். மற்ற உணவெல்லாம் இரு சாராருக்கும் ஒன்றே. மேற்குக் கூடத்தாருக்கு அரிசி மட்டும் இந்தியப் புழுங்கல். புதிதாக விடுதிக்கு வந்தவர்களும் இவ்வாறே மாறி மாறிச் சேர்க்கப்பட்டனர். நிலைமாறாதவை எவை, மாற்றப்பட்டது எது, நோக்கப்பட்டது எது என்று மாணவர்களைக் கேட்டுப்பாருங்கள், உடனே சொல்லிவிடுவார்கள்.

ஓராண்டு கடந்தது. பச்சரிசி உண்டவர் 120 பேர். அவர்களுள் நால்வரில் ஒருவருக்கும் அதிகமானோரைப் பெரிபெரி பற்றியது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர் 123 பேர். அவர்களுள் பெரிபெரி இருந்தது இருவருக்கே. அந்த இருவரும் விடுதிக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். பெரிபெரியால் இறந்தவர் ஒருவரும் இல்லை.

பிளெட்சர் தம் முடிவுகளை 1907-இல் லண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார். ஏற்காமல் தொடங்கியவர், கண்டதை மறைக்காமல் எழுதினார். பச்சரிசியே நேராகவோ மறைமுகமாகவோ நோய்க்குக் காரணம் என்றார். அரிசியில் நஞ்சு இருக்கலாம், புரதக் குறைவு இருக்கலாம், அல்லது சத்துக் குறைந்த உடலுக்குள் கிருமி எளிதாகப் புகலாம் என்று மூன்று வழிகளைத் திறந்து வைத்தார். இந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனாலும் அந்த 18 பேரைத் தாண்டி என்னால் எளிதாகப் போக முடியவில்லை. அவர்கள் நோயாளிகள், மனம் கலங்கியவர்கள். வரிசையில் நில் என்றபோது நின்றார்கள். பக்கத்தில் நின்றவன் ஓரடி முன்னால் நின்றிருந்தால் எண் மாறியிருக்கும், கூடம் மாறியிருக்கும். யாரும் அவர்களிடம் ஒப்புதல் கேட்கவில்லை. அக்காலத்தில் கேட்கும் வழக்கமும் இல்லை. பிளெட்சர் அவர்களுக்குப் புதிதாக எந்தத் தீங்கையும் ஊட்டவில்லை, அவர்கள் முன்பு உண்ட அதே சோற்றைத்தான் கொடுத்தார் என்று வாதிடலாம். அந்த வாதத்திலும் நியாயம் இருக்கிறது. இரு கூடத்துக்கும் இடையே ஒரு முற்றமே இருந்தது என்பதை நினைக்கும்போது அந்த நியாயம் எனக்குப் போதவில்லை.

மனநோய் விடுதியில் செய்த ஆய்வை உலகம் முழுமையாக ஏற்கவில்லை. ஆகவே, ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி பிரேசரும் அவருடன் பணியாற்றிய அம்புரோஸ் தாமஸ் ஸ்டாண்டனும் அடுத்த அடியை எடுத்துவைத்தனர். 1907-இல் நெகிரி செம்பிலான் ஜெலுபு வட்டாரக் காட்டில் சாலை போட வந்திருந்த சாவகத் தொழிலாளர் ஏறத்தாழ 300 பேரை இரு குழுவாக்கினர். நல்ல உடல்நலம் உடைய ஆட்கள். மனித நடமாட்டம் குறைந்த புதுக்காடு. பழைய கட்டடத்தில் கிருமி ஒட்டியிருந்தது என்று சொல்ல வழியில்லை. ஒரு குழுவுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல். ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளை அரிசிக் குழுவில் பெரிபெரி தலைகாட்டியது. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி கொடுத்தவுடன் புதிய நோயாளிகள் தோன்றுவது நின்றது. பிறகு மற்றக் குழுவுக்கு வெள்ளை அரிசி கொடுத்தனர். நோய் அங்கே போயிற்று.

பின்னர் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் கோழிகளை வைத்துச் சோதித்தனர். அன்றே தீட்டிய புத்தம்புது அரிசியும் கோழிகளை முடக்கியது. ஆகவே, பூஞ்சையும் பழைய கிடங்கும் காரணமல்ல. தீட்டும்போது உதிர்ந்த தவிட்டைக் கொடுத்தபோது கோழிகள் தேறின. நோய்க்குக் காரணம் அரிசியில் இருக்கும் ஒரு பொருளன்று. அரிசியிலிருந்து நீக்கப்பட்ட ஒரு பொருள்! ‘இருப்பது’ கொல்லும் என்று அறிந்திருந்த மருத்துவத்துக்கு ‘இல்லாதது’ கொல்லும் என்பது புதிய பாடம். 1910-இல் மணிலாவில் கூடிய தூரக்கிழக்கு மருத்துவர் மாநாடு, வெள்ளை அரிசியை ஓயாது உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டது.

இந்தப் பெருமையைக் கோலாலம்பூருக்கு மட்டுமே எழுதிவிடுவது நேர்மையாகாது. சப்பானியக் கடற்படையில் தகாகி கனேகிரோ என்னும் மருத்துவர் 1880-களிலேயே மாலுமிகளின் உணவை மாற்றிப் பெரிபெரியை விரட்டியிருந்தார். கடலுக்கு அப்பால் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கிறித்தியான் எய்க்மன் 1890-களில் கோழிகளுக்கு வெள்ளை அரிசிச் சோறு போட்டு அவை முடங்குவதைக் கண்டார். அவர் நண்பர் வோர்டர்மன், சாவகத்தின் 101 சிறைகளில் எந்த அரிசி சமைக்கப்படுகிறது என்று கணக்கெடுத்துத் தொடர்பை உறுதிப்படுத்தினார். 1912-இல் லண்டனில் இருந்த காசிமிர் ஃபங்க், இத்தகைய நுண்சத்துகளுக்கு ‘விட்டமின்’ என்று பெயர் சூட்டினார். 1926-இல் யான்சனும் டோனத்தும் பத்தாவியாவில் தவிட்டிலிருந்து அதைப் பளிங்காகவே பிரித்தெடுத்தனர். 1929-இல் எய்க்மன் நோபல் பரிசு பெற்றார். நாம் தயமின் அல்லது பி1 என்பது இதைத்தான். எய்க்மனின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. பிளெட்சர் பெயர் கோலாலம்பூரிலேயே பலருக்குத் தெரியாது.

சரி, புழுக்குவதால் என்ன நிகழ்கிறது? நெல்லில் பி1 பெரும்பாலும் முளையிலும் தவிட்டுப் படலத்திலும் இருக்கிறது. இது நீரில் கரையும் சத்து. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அது கரைந்து அரிசியின் உள்ளே செல்கிறது. மாவுப்பொருளும் வெப்பத்தில் கூழாகிப் பின் காயும்போது இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஆலையில் எவ்வளவு தீட்டினாலும், எத்தனை முறை களைந்தாலும், உள்ளே போனது முழுமையாக வெளியேறுவதில்லை. பச்சரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு மாட்டுக்கும் கோழிக்கும் போய்விடுகிறது. நாம் உண்ணும் மாவுச்சத்தை ஆற்றலாக மாற்ற பி1 இன்றியமையாதது. அதிகம் உழைப்பவனும் அதிகம் சோறு உண்பவனும் முதலில் விழுவது இதனால்தான். சுரங்கத்துச் சீனர் தொட்டுக்கொள்ள அதிகமின்றி வெள்ளைச் சோற்றை வயிறார உண்டு, வெயிலில் மண்வெட்டி பிடித்தவர்கள்.

நம் முன்னோர் இதற்காகவா புழுக்கினர்? இல்லை. புழுக்கிய நெல்லில் உமி எளிதாகக் கழலும். குத்தும்போது அரிசி நொறுங்காது. வைத்திருந்தால் பூச்சி எளிதில் அண்டாது. இவையெல்லாம் உலக்கை பிடித்த பெண்களுக்குத் தெரிந்த காரணங்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பச்சரிசி வசதி படைத்தோரின் அரிசி, சாமிக்குப் படைக்கும் அரிசி என்ற மதிப்பைப் பெற்றிருந்தது. புழுங்கல் உழைக்கும் மக்களின் அன்றாடச் சோறு. அதை உண்டவர்களே கப்பலேறி இங்கு வந்தார்கள்.

பெரிபெரியிலிருந்து தப்பியதால் நம்மவர் நலமாக வாழ்ந்தனர் என்று யாரும் எண்ணிவிட வேண்டா. அதே காலத்தில் மலேரியா தோட்டத் தமிழரை வாரிக்கொண்டு போனது. கிள்ளானில் 1901-இல் மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் கிள்ளான் நகரையும் போர்ட் சுவெட்டன்ஹாமையும் காப்பாற்றினார். அந்தத் துறைமுகம்தான் 1972 முதல் போர்ட் கிள்ளான். அவர் கதை தனிக் கட்டுரைக்குரியது.

பெரிபெரியும் நம்மை என்றென்றைக்கும் விட்டுவைக்கவில்லை. சப்பானியர் காலத்தில் சயாம்–பர்மா இரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். அங்குக் கிடைத்தது தீட்டிய மட்ட அரிசி; அதுவும் அரைவயிற்றுக்கு. காலராவோடும் மலேரியாவோடும் பெரிபெரியும் அங்கு மனிதர்களைத் தின்றது. என் தாத்தாவின் தம்பி அங்கிருந்து திரும்பவில்லை. உடன் சென்று உயிரோடு திரும்பிய ஒருவர், “காலெல்லாம் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும்” என்று சொன்னதாக என் பாட்டி சொல்லுவார். அது என்ன நோய் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆசிரியர் பயிற்சிக்குப் பின் பெரிபெரியின் அறிகுறிகளைப் படித்தபோதுதான் எனக்கு அந்தக் குழி நினைவுக்கு வந்தது. அந்நோயைத் தடுக்கும் வழியோ, அவர் கப்பலில் வந்த நாடான இதே மலாயாவில் 1907-இலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் கேட்டபின் மாணவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் அந்த வரியை எடுத்துவிடவா, ஐயா?” என்றான். எடுத்துவிடாதே, திருத்து என்றேன். மறுநாள் திருத்திக்கொண்டு வந்தான். நம் முன்னோர் கண்டுபிடித்தனர் என்ற இடத்தில், நம் முன்னோர் உண்ட அரிசியைக் கொண்டு கோலாலம்பூரில் கண்டுபிடித்தனர் என்று இருந்தது. அதன் கீழே பிளெட்சரின் பெயரும் 1905 என்ற ஆண்டும். 120, 123 என்ற எண்களையும் எழுதியிருந்தான், 18-ஐ விட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். மேடையில் அதைச் சொல்லும்போது என்ன முகபாவனை காட்டுவது என்று தெரியவில்லையாம். எந்தப் பாவனையும் வேண்டா, எண்ணை மட்டும் தெளிவாகச் சொல் என்றேன்.

கடந்த சனிக்கிழமை தெங்கு கிள்ளானா சாலையில் உள்ள மளிகைக் கடைக்குத் தாயோடு சென்று புழுங்கல் அரிசியும் சயாம் பச்சரிசியும் ஒவ்வொரு பிடி வாங்கி வந்திருக்கிறான். இரண்டையும் இரு கண்ணாடிப் புட்டியில் போட்டு மேடைக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறான். போட்டி விதிமுறையில் அதற்கு இடமிருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். போட்டி அடுத்த வெள்ளிக்கிழமை.